இலையில் விழுந்த புள்ளியும் கையிலிருந்த தாளும்



நாணயத் தாளொன்றை வெளிச்சத்திற் பிடித்து அது நல்லதோ கள்ளதோ என்று நாம் பார்ப்பதுண்டு. நல்ல தாளுக்குத்தான் அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை மக்கள் அக்கேள்வியைக் கேட்க நேர்ந்தது.

அந்நாளில் இந்நாட்டில் தாள் வெளியிட்டவை தனியார் வங்கிகளே, அரசாங்கமன்று. அவற்றுள் முதன்மையானது, இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஓரியண்டல் வங்கி. அது கோப்பியை நம்பித் தோட்டத் துரைமாருக்குக் கடன் கொடுத்தது. அத்தோட்டங்களில் உழைத்தவர்களோ, மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்து வந்த தமிழகத்துத் தொழிலாளர். 1867இல் கண்டிக்கு இருப்புப்பாதை வந்தது. 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தது. 1870ஆம் ஆண்டிலே பத்து இலட்சம் அந்தருக்கு மேற்பட்ட கோப்பி கடல் கடந்து சென்றது.

கால்வாய் திறந்த அதே 1869இல், மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சட் புள்ளிகள் காணப்பட்டன. அது ஒருவகைப் பூஞ்சண நோய். விளைச்சல் ஆண்டுக்காண்டு குன்றியது. ஆயினும் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியமையால் வருமானம் குறையவில்லை. ஏறிய விலை நோயை மறைத்தது. மேலும் காடு வெட்டினார்கள்; மேலும் கடன் வாங்கினார்கள். பின்னர் பிரேசில் நாட்டுக் கோப்பி சந்தையில் மலிந்து, விலை இறங்கியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. செடியுமில்லை, விலையுமில்லை, கடன் மாத்திரம் எஞ்சியது.

1884 மே 3ஆந் தேதி அவ்வங்கி கொடுப்பனவை நிறுத்தியது. முந்திய நாள் வரை பணமாயிருந்த தாள், ஓட்டாண்டியான ஒரு கடனாளியின் கைச்சீட்டாக மாறியது. அவ்வேளையில் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் துணிந்து, அவ்வங்கித் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். பீதி தணிந்தது. அவ்வாண்டிலேயே கட்டளைச் சட்டமொன்று பிறந்து, 1885 முதல் அரசாங்கத் தாள்கள் புழக்கத்துக்கு வந்தன. 1950இல் அப்பொறுப்பு மத்திய வங்கியைச் சேர்ந்தது.

ஆனால் அந்த உத்தரவாதம் தாளுக்கு மட்டுமே, உழைப்புக்கன்று. தோட்டங்கள் பலவற்றில் கூலி நிலுவையாகவே நின்றது. தொழிலாளர் பலர் வந்த வழியே திரும்பினர். எஞ்சியோர் கோப்பிச் செடியைப் பிடுங்கிய நிலத்திலே தேயிலை நட்டனர். நோயை அவர்கள் கொண்டு வரவில்லை. கடனை அவர்கள் வாங்கவில்லை. விலையை அவர்கள் நிருணயிக்கவுமில்லை. நட்டத்தை மாத்திரம் அவர்கள் சுமந்தார்கள்.

பணம் என்பது நம்பிக்கையின் மறுபெயர். இன்று அது தாளையும் கடந்து, கண்ணிமைக்கும் பொழுதில் கண்டம் விட்டுக் கண்டம் தாவுகின்றது. 2022இல் இந்நாடு வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியபோது, எரிபொருளுக்கு வரிசையில் நின்ற ஏழை மக்கள் 1884இன் பாடத்தை மீண்டும் படித்தார்கள். விலை ஏறும் காலத்தில் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பவனே அறிவுடையோன்.