குதிரையை விட்டு இறங்கியவர்

பிறர் மனத்தை மாற்றுவதற்கென்று எழுதப்படும் கட்டுரைகளை நான் சற்றுச் சந்தேகத்தோடுதான் படிப்பேன். எழுதியவருக்கே அதில் நம்பிக்கை உண்டா, அல்லது கைத்திறமையைக் காட்ட வந்தாரா என்ற கேள்வி உள்ளே உறுத்தும். ஆனால், பரிசுக்காகப் பிறந்து பிறகு உண்மையாகிவிட்ட கட்டுரை ஒன்று சரித்திரத்தில் இருக்கிறது.

1785-ஆம் ஆண்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் லத்தீன் கட்டுரைப் போட்டி. துணைவேந்தர் பீட்டர் பெக்கார்டு கொடுத்த தலைப்பு: 'மனிதரை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது நியாயமா?' தாமஸ் கிளார்க்சன் என்ற இளைஞர் எழுத உட்கார்ந்தார். அவர் நாடியது புலமைக்குரிய புகழ் ஒன்றைத்தான். விஷயம் தெரியாததால் புத்தகங்களைத் தேடினார். ஆண்டனி பெனஸெட்டின் நூல் அகப்பட்டது. படிக்கப் படிக்கத் தூக்கம் போயிற்று. நடு இரவில் தோன்றுவதைக் குறித்துக்கொள்ள அறையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டே இருந்தது.

முதற் பரிசு கிடைத்தது. பரிசுக் கட்டுரைகளின் ஆயுள் வழக்கமாக அத்தோடு சரி. ஆனால் குதிரையேறி லண்டனுக்குப் போகும் வழியில், வேட்ஸ்மில் என்ற ஊருக்கருகே, அவர் இறங்கிச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். எழுதியதெல்லாம் உண்மையானால், யாராவது ஒருவர் இந்தக் கொடுமைக்கு முடிவு காண வேண்டுமே! அந்த யாராவது யார்?

1786-ல் கட்டுரை ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன் அமைப்பைக் கவனியுங்கள். முதலில் அடிமை முறையின் சரித்திரம். அடுத்து ஆப்பிரிக்காவில் நடக்கும் வியாபாரம். கடைசியில் தோட்டங்களில் அடிமைகள் படும் பாடு. தூரத்திலிருந்து தொடங்கி, வாசகரைத் துயரத்தின் வாசலுக்கே அழைத்து வந்துவிடுகிறார்.

எதிர்க்கட்சியார் சும்மா இருப்பார்களா? 'மாலுமிகளைப் பயிற்றும் பள்ளிக்கூடமல்லவா இந்த வியாபாரம்?' என்றார்கள். கிளார்க்சன் ஆத்திரப்படவில்லை. பிரிஸ்டலுக்கும் லிவர்பூலுக்கும் சென்று, கப்பல்களின் ஆள் பதிவேடுகளைப் புரட்டி, இறந்த மாலுமிகளை எண்ணினார். பள்ளிக்கூடமல்ல, மயானம் என்று தெரிந்தது. 1788-ல் இந்த வியாபாரத்தால் நாட்டுக்கு நஷ்டமே என்று இன்னொரு கட்டுரை எழுதினார். ஆப்பிரிக்கருக்காக இரங்காதவரும் தம் பிள்ளைக்காக இரங்குவார் அல்லவா? 1789-ல் அவரும் நண்பர்களும் 'புரூக்ஸ்' என்ற கப்பலின் படத்தை லண்டனில் அச்சிட்டார்கள். தளங்களில் அடுக்கி வைத்தாற்போல் 482 மனித உருவங்கள். அதற்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

1807-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அடிமை வியாபாரத்தைத் தடுத்தது. 1833-ல் அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் வந்தது. ஒரு கட்டுரையே இவ்வளவையும் சாதித்தது என்றால் அது கதையாகிவிடும். வில்பர்ஃபோர்ஸ் சபையில் போராடினார். அடிமையாயிருந்து மீண்ட எக்குவியானோ தம் வரலாற்றைத் தாமே எழுதினார். கரிபியன் தீவுகளில் அடிமைகளே கிளர்ந்தெழுந்தார்கள்.

ஆயினும் கிளார்க்சனின் கட்டுரை முதன்முதலில் மாற்றியது கிளார்க்சனைத்தான். எழுதி முடித்ததும் கேட்டுப் பாருங்கள்: 'இது உண்மையானால் நாளைக் காலையில் நான் என்ன செய்வேன்?' ஒன்றுமில்லை என்று நம் மனமே சொன்னால், வாசகர் மட்டும் எழுந்து நடப்பாரா?