கோல்டன் ஹவர் எங்கிருந்து வந்தது?

விபத்துச் செய்திகளில் 'கோல்டன் ஹவர்' என்கிறார்களே, அது என்ன சார் என்று நம் பழைய மாணவர் குழுவில் ஒருவன் கேட்டிருந்தான். நாலு வரியில் அடங்காது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆர் ஆடம்ஸ் கௌலி என்ற இதய அறுவை மருத்துவர் இருந்தார். (அந்த 'ஆர்' நம்மூர் இனிஷியல் போல அப்பா பெயரின் எழுத்து அல்ல. வைத்த பெயரே 'ஆர்'தான்!) பலத்த அடிபட்டவருக்கு ரத்தக்கசிவை நிறுத்தி, ரத்தமும் ஏற்றி, இனிப் பயமில்லை என்று நினைத்த பிறகும் சில நாளில் இறந்துபோகிறாரே, ஏன்? இதுதான் அவரைக் குடைந்த கேள்வி. ரத்தம் குறைந்தால் செல்களுக்கு ஆக்சிஜன் போதாது. மருத்துவத்தில் 'ஷாக்' என்பது இந்த நிலைதான். மன அதிர்ச்சி அல்ல. அது நீடித்தால் சிறுநீரகம், நுரையீரல் எல்லாம் உள்ளுக்குள் பழுதாகிவிடும். பிறகு எத்தனை பாட்டில் ஏற்றினாலும் மீட்பது கடினம். ஆகவே நேரமே மருந்து என்றார்.

1961இல் ராணுவம் தந்த நிதியில் இரண்டே படுக்கைகளோடு தொடங்கினார். மற்றவர்கள் கைவிட்ட நோயாளிகளைத்தான் அனுப்பினார்கள். அந்த அறைக்கு 'சாவு ஆய்வுக்கூடம்' என்று பட்டப்பெயர் வேறு! அங்கிருந்தும் சிலர் பிழைத்து வந்தார்கள்.

அன்றைய அமெரிக்காவில் ஆம்புலன்ஸ்களில் சுமார் பாதியை நடத்தியவர்கள் சவ அடக்கம் செய்யும் தொழிலில் இருந்தவர்கள். படுக்கவைத்துக் கொண்டுபோகும் வண்டி அவர்களிடம்தானே இருந்தது! வண்டி பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகும். பக்கத்து ஆஸ்பத்திரி வேண்டாம், அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் ரத்தமும் இரவு பகலாகத் தயாராக இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார் கௌலி. நோயாளி கைவிட்டுப் போகிறாரே என்று மற்ற மருத்துவர்கள் எதிர்த்தார்கள். அவர் விடவில்லை. கொரியாவிலும் வியட்நாமிலும் சிப்பாய்களைத் தூக்கிவந்த ஹெலிகாப்டர், 1970 மார்ச்சில் மேரிலாந்து மாநிலப் போலீஸ் மூலம் சாலை விபத்தில் சிக்கியவருக்கும் வந்தது. 1973இல் கவர்னர் மார்வின் மாண்டல் ஆணையிட, அவசர சிகிச்சை மாநிலம் முழுமைக்குமான ஏற்பாடாயிற்று.

சரியாக 60 நிமிடம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சிலருக்குப் பத்து நிமிடம்கூட அதிகம். மக்கள் மனதில் பதிய நல்ல சொல், அவ்வளவுதான்.

எங்கள் உறவில் ஒருவரை ஆட்டோவில் ஏற்றி, இரண்டு ஆஸ்பத்திரிகளில் "இங்கே முடியாது" என்று கேட்டு, மூன்றாவதில் சேர்ப்பதற்குள் மூன்று மணி நேரம் போய்விட்டது. உயிர் தங்கியது, வலது கால் தங்கவில்லை. கௌலி சண்டை போட்டது இதற்காகத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நம் மாநிலத்தில் 2008இல் 108 வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. போலீஸ், கோர்ட்டு என்று அலையவிடுவார்களே என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று: 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்பவரைப் பாதுகாக்கிறது. பெயர், விலாசம் சொல்லச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.