பானைக்குள் ஒரு ஸ்பீக்கர்

தமிழ்நாட்டு வீடுகளில் பாட்டுக் கேட்ட வரலாறு பெரும்பாலும் பெட்டிகளின் வரிசையாகவே சொல்லப்படுகிறது. கிராமபோன், வால்வு ரேடியோ, டிரான்சிஸ்டர், டேப் ரிக்கார்டர், சிடி, கடைசியில் கைபேசி. விளம்பரங்களை அடுக்கி எழுதினால் இந்த வரிசைதான் வரும். திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே, சர்க்கரை ஆலையும் கரும்புக் கொல்லையுமாக இருக்கும் திருவாலங்காட்டிலிருந்து பார்த்தால் கதை மாறுகிறது. இப்படிப்பட்ட ஊர்களில் கரும்புப் பணத்தையோ அம்பத்தூர் எஸ்டேட் போனஸையோ நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு, விளம்பரத்தில் வந்த ஸ்டீரியோ எட்டாத பொருள். அவர்கள் வீட்டில் நல்ல ஒலி நுழைந்த வழி, உள்ளூர் ரேடியோ மெக்கானிக் கூட்டிச் சேர்த்துக் கொடுத்த ‘அசெம்பிள் செட்’. ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று அதைத் தள்ளிவிடுவது வழக்கம். அந்த மெக்கானிக்குகள் காசை எதில் போட்டார்கள், எதில் பிடித்தார்கள் என்று கவனித்தால், ஒலியியல் சொல்லும் கணக்குக்கு அது வெகு அருகில் இருந்தது என்பதே என் கட்சி.

வெளிநாட்டுக் கருவி ஏன் எட்டாமல் இருந்தது என்பதற்கு அரசின் கொள்கையே முதல் விடை. ரேடியோ வைத்திருக்கவே தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டணம் செலுத்திய நாடு இது. 1980களில்தான் அந்தக் கட்டணம் முழுதாக ஒழிந்தது. நுகர்பொருள் இறக்குமதிக்குத் தடை, அனுமதிக்கப்பட்டவற்றுக்குக் கடும் சுங்கவரி. 1991 சீர்திருத்தத்துக்கு முன் உச்ச வரி 300 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ உறவினர் இருந்தால் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு ‘டூ இன் ஒன்’ வரும். இல்லையென்றால் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969இல் பீச் ஸ்டேஷன் அருகே உருவான பர்மா பஜாரில், ரசீதும் இல்லாமல் உத்தரவாதமும் இல்லாமல் வாங்க வேண்டும். பிலிப்ஸும் கல்கத்தாவின் சோனோடைனும் உள்நாட்டில் தரமாகச் செய்தார்கள்தான். ஆனால் அவை நடுத்தர வர்க்கத்திலும் மேல்தட்டுக்கானவை. ஆக, முழுப் பெட்டி எட்டாது, உதிரிபாகம் எட்டும். இந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெரு. திருவாலங்காட்டில் ரயிலேறினால் சென்ட்ரல். அங்கிருந்து நடந்தே போகலாம். போகிற வழியில் மூர் மார்க்கெட், பழைய இசைத்தட்டுக்குப் பேர்போன இடம். 1985 மே மாதம் அது எரிந்துபோனது. அரக்கோணம் மார்க்கத்து புறநகர் ரயில்கள் இன்று போய் நிற்கும் நிலையத்துக்கு அந்தச் சந்தையின் பெயர்தான்.

மெக்கானிக் எங்கிருந்து வந்தார்? பாலிடெக்னிக்கிலிருந்து வந்தவர்கள் சிலர். பலர் கற்றுக்கொண்டது ‘ரேடியோ செட்’ தொழிலில். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடுகிறவருக்கு எங்கள் பக்கத்தில் இன்றும் ரேடியோ செட்காரர் என்றுதான் பெயர். திருவாலங்காட்டில் மார்கழித் திருவாதிரைக்கும், பக்கத்துத் திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்கும் கூட்டம் திரளும் வட்டாரம் இது. (காரைக்கால் அம்மையார் இந்த ஊர்ப் பதிகத்தில் ஏழு சுரங்களின் பெயரையும் வாத்தியங்களின் நீண்ட பட்டியலையும் ஒரே பாட்டில் வைத்திருக்கிறார், சத்தத்தைப் பற்றிய அக்கறை இங்கே பழையது.) திருவிழாவில் செட் கட்டுகிறவருக்கு ஒரு பாடம் சீக்கிரமே மண்டையில் ஏறிவிடும். ஊருக்குக் கேட்பது ஆம்ப்ளிஃபயரின் வாட் கணக்கால் மட்டும் அல்ல. குழாயின் திறமையால் கேட்கிறது. குறைந்த வாட்டை வாங்கிக்கொண்டு நிறையச் சத்தம் தருகிற ஸ்பீக்கர் கிடைத்தால் மற்றதெல்லாம் மலிவாக முடிந்துவிடும். வீட்டு செட்டுக்கும் அவர் கொண்டுவந்தது இந்தப் பாடத்தைத்தான்.

இந்தப் பாடம் சரியா என்று எண்களால் சோதிக்கலாம். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் 84 டெசிபெல் தரும் ஸ்பீக்கரும் உண்டு, 90 தருவதும் உண்டு. அந்த ஆறு டெசிபெல் வித்தியாசத்தை ஆம்ப்ளிஃபயரால் ஈடுகட்ட நான்கு மடங்கு வாட் வேண்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் தேவை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் சாதாரணமாகக் கேட்க ஓரிரு வாட்டே செலவாகிறது என்னும்போது, நூறு வாட் பெட்டிக்குப் பணம் கொட்டுவதில் பொருளில்லை. ஜப்பானின் சான்யோ கார் ஸ்டீரியோவுக்காகச் செய்த எல்.ஏ. 4440 என்ற ஐசி, ஒரு பக்கத்துக்கு ஆறு வாட் தரும். அதைச் சுற்றி ஒரு கைப்பிடிக் கப்பாசிட்டர்கள், 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், அவ்வளவே. ‘4440 போர்டு’ தெருத்தெருவாகப் பரவியதற்கு மலிவு ஒரு காரணம், கரண்ட் போனாலும் பேட்டரியில் பாடும் என்பது இன்னொன்று. இப்படி மிச்சமான காசு ஸ்பீக்கருக்கும் அதன் பெட்டிக்கும் போனது. ஆசாரி பிளைவுட்டிலோ நோவபான் பலகையிலோ பெட்டி அடித்துத் தருவார். அதற்கும் வசதியில்லாத இடத்தில், டீக்கடையிலும் குடிசையிலும், குயவரின் மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்தார்கள். படித்தவர்கள் சிரித்த இந்தப் பானைக்கு அமெரிக்காவில் ஒரு சாட்சி உண்டு. ஆர்.சி.ஏ. ஆய்வகத்தின் ஹாரி ஓல்சன், ஸ்பீக்கரைக் கனசதுரம், உருளை, கோளம் என்று பல வடிவங்களில் பொருத்தி அளந்து 1951இல் முடிவுகளை வெளியிட்டார். ஒலி மேடுபள்ளம் இன்றிச் சீராக வந்தது கோளத்தில்தான். மூலையும் விளிம்பும் இருந்தால் ஒலி அங்கே முட்டிச் சிதறுகிறது. வளைந்த சுவர் தட்டையான பலகையைப் போல எளிதில் அதிர்வதும் இல்லை. ஸ்பீக்கரின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் தடுக்கும் வேலையையும் பானை செய்தது. பேஸ் திடீரென்று கூடியதன் ரகசியம் இது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. பானைக்கென்று சொந்த ரீங்காரம் உண்டு, அது எல்லாப் பாட்டிலும் ஒட்டிக்கொள்ளும். அசெம்பிள் செட்டுகளில் பாதியாவது ‘உம்’ என்று இரையும். எர்த் சரியாக எடுக்காததும் மட்டமான டிரான்ஸ்ஃபார்மரும் காரணம். போலி ஐசிகள் ரிச்சி தெருவில் தாராளமாகப் புழங்கின. எல்லாவற்றையும்விட, பேஸைத் திருகி ஜன்னல் அதிர வைப்பதே நல்ல செட்டுக்கு அடையாளம் என்ற ருசி ஊறிப்போனது. ஜெர்மனி 1966இல் டி.ஐ.என். 45500 என்று ஹை-ஃபைக்குக் குறைந்தபட்ச அளவுகோல் வகுத்ததே, அந்த அளவுகோலில் இவற்றில் எத்தனை தேறும் என்று கேட்பவர் தவறாகக் கேட்கவில்லை. பெரும்பாலானவை தேறியிருக்காது. ஆனால் ஒப்பிட வேண்டியது அதே விலைக்குக் கடையில் கிடைத்ததோடு. அந்த விலைக்குக் கிடைத்தது ஒற்றை நாலங்குல ஸ்பீக்கர் கொண்ட மோனோ டேப். பின்னாளில் அதன் தம்பிகள் முகத்தில் ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று ஒட்டிக்கொண்டு வந்தன. கண்ணிமைக்கும் நேரத்து உச்சத்தைப் பெருக்கிச் சொல்லும் இந்த எண், ஒலியைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அமெரிக்காவில் 1974இலேயே ஆம்ப்ளிஃபயர் வாட்டை இன்ன முறையில்தான் சொல்ல வேண்டும் என்று விதி வகுத்தார்கள். நம்மூரில் அந்த வேலையைச் செய்தவர், ‘அதெல்லாம் சும்மா சார், பத்து வாட்கூட வராது’ என்று மூடியைக் கழற்றிக் காட்டிய மெக்கானிக்தான்.

மூலம் கெட்டிருந்தால் ஸ்பீக்கர் மட்டும் என்ன செய்யும் என்பது கனமான ஆட்சேபம். கேசட் காலத்தில் திருட்டுப் பதிப்புகள் மலிந்திருந்தன என்பதும் உண்மை. ஆனால் அதே காலத்தின் ரெக்கார்டிங் சென்டர்களை மறந்துவிடக் கூடாது. பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், எல்.பி.யிலிருந்து டி.டி.கே. 60 நிமிடக் கேசட்டிலோ 90இலோ பதிந்து தருவார்கள். 60இல் பன்னிரண்டு பதின்மூன்று பாட்டு அடங்கும். சட்டப்படி இதுவும் குற்றமே. கேட்பதற்கோ, நல்ல இசைத்தட்டிலிருந்து நல்ல நாடாவில் எடுத்தது, அவசரத்தில் அச்சடித்த கடைக் கேசட்டைவிடப் பல படி மேல். இளையராஜாவின் ‘பிரியா’ (1978) ஸ்டீரியோவில் வந்தபின் இடது, வலது என்று ஒலியைப் பிரித்துக் கேட்கும் ஆசை பரவியது. ‘ஹௌ டு நேம் இட்’ (1986) போன்ற தொகுப்பை மோனோ டேப்பில் கேட்டால் வயலின்களின் உரையாடல் பாதி காணாமல் போய்விடும். இரண்டு பெட்டிகளை அறையின் இரு மூலைகளில் வைக்கச் சொல்லி வாடிக்கையாளரே மெக்கானிக்கிடம் கேட்கத் தொடங்கியது இந்தப் பாட்டுகளால்தான்.

2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் முழுதாக நீங்கின. சீனப் பெட்டிகள் வந்து குவிந்ததும் அசெம்பிள் தொழில் அன்றே செத்தது என்று சொல்வார்கள். நடந்தது கொஞ்சம் வேறு. 2006 முதல் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவியின் சின்ன ஸ்பீக்கரில் யாருக்கும் திருப்தியில்லை. அதன் பின்பக்கத்து சிவப்பு வெள்ளை ஒயர்களை அசெம்பிள் செட்டில் சொருகிக்கொண்டார்கள். மெக்கானிக்குக்கு இன்னும் சில ஆண்டுகள் வேலை கிடைத்தது. அவரை உண்மையில் முடக்கியது புளூடூத் ஸ்பீக்கர். இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் நல்ல புளூடூத் ஸ்பீக்கர், பழைய 4440 செட்டைவிடத் தெளிவாகவே பாடுகிறது. அதை மறுப்பது பழம்பெருமை. ஆனால் அதன் பேட்டரி ஓய்ந்தால் பெட்டியே குப்பை, ஒரு பாகத்தை மட்டும் மாற்ற வழியில்லை. பழைய செட்டில் ஐசி போனால் ஐசி, காயில் எரிந்தால் காயில். ரேடியோ செட்காரர்களின் பெரிய ஸ்பீக்கர்கள் திருவிழா தோறும் எரிவதால், காயில் சுற்றிக் கோன் ஒட்டும் தொழில் இன்னும் ஓடுகிறது. இருபது ஆண்டுக்கு முன் வாங்கிய எட்டங்குல ஸ்பீக்கர் கிழிந்தால், வீட்டுக்காரர்கள் போய்க் கொடுப்பதும் அந்தக் கடைகளில்தான்.