கேட்க ஓர் ஆள்

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் கரிசல் மண் காலை விடாது. சித்திரையில் அதே மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலை, சாத்தூர் என்று விரியும் இந்த வானம் பார்த்த பூமியில் கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் ஒரே பருவமழையை நம்பி விளைந்தவை. மழை பொய்த்தால் கடன். கடன் ஏறிய வீட்டில் யாராவது ஒருவர் மெல்லப் பேச்சைக் குறைப்பார், சாப்பாட்டைத் தள்ளுவார், நடுச்சாமத்தில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ‘காத்துக் கருப்பு அண்டியிருக்கும்’ என்பாள் வீட்டுப் பெரியமனுஷி. இன்னும் முற்றினால் ஊர் ‘கோட்டி’ என்று பெயர் வைத்துவிடும். அந்த நிலைக்குப் போகுமுன் ஆளை மீட்டுக் கொண்டுவர இந்த ஊர்கள் யாரையெல்லாம் நாடின என்பது ஒரு நீண்ட வரலாறு.

முதலில் நாடியது கோடாங்கியை. உடுக்கை அடித்துக் குறி சொல்பவர் அவர். ராஜகம்பளத்தார் ஊர்களில் ஜக்கம்மா பேரைச் சொல்லி அடிப்பார். மற்ற ஊர்களில் காளியோ கருப்பசாமியோ சுடலைமாடனோ துணைக்கு வரும். செவ்வாய் அல்லது வெள்ளி இரவில் நோய் கண்ட பெண்ணை நடுவில் உட்கார வைத்து, உறவுக்காரர்கள் சுற்றி உட்காருவார்கள். உடுக்கைச் சத்தம் ஏற ஏற அவள் முடி அவிழ்ந்து ஆடுவாள். கோடாங்கியின் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசைதான்: நீ யார், எந்த ஊர், எப்படிச் செத்தாய், இந்தப் பிள்ளையை எங்கே வைத்துப் பிடித்தாய், உனக்கு என்ன வேண்டும்?

பதிலைப் பேய் சொல்லும். கட்டிக்கொடுத்த ஊர் பிடிக்கவில்லை, மாமியார் சோற்றைக் கணக்குப் பார்க்கிறாள், புருஷன் அடிக்கிறான், நல்லநாள் பொல்லநாளுக்குக்கூட அம்மா வீட்டுக்கு அனுப்புவதில்லை. பகலில் மருமகள் சொன்னால் வாயில் அடி விழுகிற அத்தனையும் இரவில் பேய் சொன்னால் குடும்பமே கைகட்டிக் கேட்கும். பிறகு பேரம். ஒரு சேலை, ஒரு சேவல், குலசாமிக்கு ஒரு பொங்கல் என்று வாக்குக் கொடுத்ததும், உச்சிமுடியில் கொஞ்சம் எடுத்துப் புளியமரத்தில் வைத்து ஆணி அறைவார்கள்.

பேய் இறங்கியதோ இல்லையோ, புகுந்த வீட்டார் முன்னிலையில் ஒரு பெண்ணின் குறை வெளியே வந்தது. அதற்கு ஒரு வாக்குறுதியும் கிடைத்தது. குடும்பத்தையே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசும் இன்றைய மனநல ஆலோசகர்கள் பாடுபடுவதும் இதற்காகத்தான். ஆனால் கோடாங்கியின் கையில் வேப்பங்குழையோடு பிரம்பும் இருந்தது, மிளகாய்ப் புகையும் இருந்தது. நிஜமாகவே மூளை நோய் கண்டவர்கள் அந்தப் பிரம்பால் பட்ட பாட்டை விட்டுவிட்டு, பழைய முறைகளைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது நியாயமாகாது.

1841-இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்த ராபர்ட் கால்டுவெல், திருநெல்வேலி மக்களைப் பற்றி 1849-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் பேயாட்டத்தை விரிவாக விவரித்தார். மிஷனரியின் கண்ணுக்கு அது ஒழிக்கப்பட வேண்டிய வழிபாடாகவே பட்டது. அரசாங்கத்தின் கண்ணில் இந்த நோயாளிகள் படவே இல்லை எனலாம். சென்னையில் மருத்துவர் வாலண்டைன் கானலி 1794-இல் தொடங்கிய மனநோய் இல்லம், 1871-இல் லோகாக் தோட்டம் என்னும் இடத்துக்கு மாறி, பின்னாளில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையானது. 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் போனபோது கோவில்பட்டிக்கும் பாதை வந்தது. இருந்தும் சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அங்கே கொண்டுபோய் விடுவது ஆளைத் தலைமுழுகுவதற்குச் சமம் என்றே குடும்பங்கள் அஞ்சின. கீழ்ப்பாக்கம் என்ற பேட்டையின் பெயர் சினிமா நகைச்சுவையில் வசைச்சொல்லாகத் தேய்ந்ததும் அந்த அச்சத்தால்தான். 1961-இல் அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற சாரதா மேனன், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர். ஓய்வுக்குப் பின் 1984-இல் ஸ்கார்ஃப் அமைப்பை நிறுவி, மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்கே மிச்ச ஆயுளைக் கொடுத்தார். அவருடைய கை எட்டிய தூரம் சென்னையும் சுற்றுப்புறமும்.

கரிசலுக்கு எட்டிய தூரத்தில் இருந்தது புளியம்பட்டி. கோவில்பட்டிக்குத் தெற்கே, தூத்துக்குடி மாவட்டத்துக்குள், பாளையங்கோட்டை மறைமாவட்டத்தைச் சேர்ந்த அந்தோணியார் கோயில் ஊர் அது. தென்னகத்துப் பதுவை என்று பேர். செவ்வாய்க்கிழமை என்றால் கூட்டம் அள்ளும். உப்பும் மிளகும் காணிக்கை போடுவோர், மொட்டை எடுப்போர், அசனம் போடுவோர் என்று வருகிறவர்களில் இந்துக்களும் ஏராளம். அவர்களுக்கு நடுவே, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்கிவிட்ட குடும்பங்கள் உண்டு. மனம் பேதலித்த மகனோடு தாய், மனைவியோடு கணவன், தங்கையோடு அண்ணன். அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்து, காலையும் மாலையும் கோயிலைச் சுற்றி, ஆராதனை நேரத்தில் ஆடுகிறவர்களைப் பிடித்துக்கொள்வார்கள்.

பிரிஜித் செபஸ்தியா என்ற பிரெஞ்சு மானுடவியலாளர் இந்த ஊரை ஆய்வுக்களமாக்கி 2007-இல் ஒரு நூலும், அதே ஆண்டில் ஓர் ஆங்கிலக் கட்டுரையும் வெளியிட்டார். புளியம்பட்டியைப் பாதுகாக்கும் கோட்டை என்று அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே குறிப்பிட்டார். ஏவலும் பில்லிசூனியமும் எல்லைக்கு வெளியே நின்றுவிடும் என்று நம்பி உள்ளே வருகிறவர்களுக்கு அது கோட்டைதான். பக்கத்து ஊர்க்காரர்களின் பார்வையிலிருந்தும் அது காப்பாற்றியது. சொந்த ஊரில் ‘கோட்டிக்காரன் வீடு’ என்று ஒதுக்கப்பட்ட குடும்பம், இங்கே தன்னைப் போன்ற இன்னும் பல குடும்பங்களோடு அடுப்பு மூட்டியது. ‘உன் பையனுக்கு எப்போதிருந்து?’ என்று ஒரு தாய் இன்னொரு தாயிடம் கூசாமல் கேட்க முடிந்தது.

இதன் அருமையை மருத்துவ உலகம் வேறு வழியில் போய்க் கண்டுகொண்டது. பெல்ஜியத்தின் ஹேல் நகரில், புனித திம்ப்னா கோயிலுக்கு வந்த மனநோயாளிகளை இடைக்காலம் தொட்டே ஊர்க்குடும்பங்கள் வீட்டில் வைத்துப் பராமரித்தன. நம் நாட்டில் 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் டாக்டர் வித்யாசாகர் வளாகத்திலேயே கூடாரம் அடித்து, நோயாளியோடு உறவினர்களையும் தங்க வைத்தார். தினமும் அவர்களைக் கூட்டி உட்கார வைத்துப் பேசினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் 1957 முதல் குடும்பம் கூடவே தங்கும் முறையை வளர்த்தது. பூட்டிய வார்டில் தனியாக விடப்பட்டவரைவிட, சொந்தக்காரர் பக்கத்தில் இருப்பவர் தேறி வீடு திரும்புவது எளிது என்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். புளியம்பட்டிக்கு மூட்டை முடிச்சோடு போன கரிசல் தாய்மார்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே அப்படித்தான் செய்தார்கள்.

கிழக்கே கடற்கரையில், ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி. தர்காவில் தங்கி, புறப்படும் உத்தரவு கனவில் வரும்வரை காத்திருப்பது அங்கே வழக்கம். எல்லா மதத்தாரும் போனார்கள். காத்திருப்போர் பெருகப் பெருக, தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. பணம் கட்டி விட்டுவிட்டுப் போகலாம். கூடத் தங்க வேண்டியதில்லை. இந்த ஒரு மாற்றமே எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. தாய் பக்கத்தில் இருந்த இடத்தில் சங்கிலி வந்தது.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மொய்தீன் பாதுஷா என்ற காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. காலில் சங்கிலியோடு கிடந்தவர்கள் ஓட முடியவில்லை. உடனே மடிந்தவர்கள் 25 பேர். பிறகு எண்ணிக்கை 28 ஆனது.

உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டன. அங்கே இருந்தவர்கள் மருத்துவமனைகளுக்கும் வீடுகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று தன் 95-ஆம் பிரிவில் எழுதிவைத்தது. அந்த ஒரு வரிக்காக 28 பேர் எரிய வேண்டியிருந்தது என்பதைத் தமிழ்நாடு மறக்கக் கூடாது.

ஏர்வாடிக்குப் பின் வழிபாட்டிடங்களையே ஒட்டுமொத்தமாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பேச்சு எழுந்தது. அந்த வேளையில், 2002 ஜூலையில், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஆர். ரகுராம் குழுவினரின் சிறிய ஆய்வு வெளியானது. தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை அவர்கள் கவனித்திருந்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் கிட்டத்தட்ட 20 சதவீதம் தணிந்திருந்தன. அங்கே விசேஷ சடங்கு ஏதும் கிடையாது. உறவுக்காரர் கூட இருந்தார், கோயில் வேலையில் சின்னச் சின்னதாகப் பங்கு இருந்தது, யாரும் அச்சுறுத்தவில்லை. 31 பேர் என்பது சிறிய எண்தான். மனச்சிதைவுக்கு மருந்து வேண்டாம் என்று சொல்ல இந்த ஆய்வை யாரும் துணைக்கு அழைக்கக் கூடாது. ஆனால் மருந்து மட்டும் போதாது என்பதற்கு இது சாட்சி. குஜராத்தின் உனாவா தர்காவில் தொடங்கிய ‘தவா-துவா’ திட்டம், பின்னாளில் ஏர்வாடிக்கும் வந்தது. பிரார்த்தனையை நிறுத்தச் சொல்லாமல் பக்கத்திலேயே மனநல மருத்துவரையும் உட்கார வைத்த ஏற்பாடு அது. மதுரையில் டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் 1992-இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் தென்மாவட்டங்களில் இந்த இரண்டு உலகங்களுக்கும் இடையே பாலம் போடப் பாடுபட்டது.

இத்தனைக்கும் நடுவே, ‘கவுன்சிலர்’ என்ற புது ஆள் சிறு நகரங்களுக்கு வந்தது மனநோயின் வழியாக அல்ல, எச்.ஐ.வி. வழியாக. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு நாட்டின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தது. 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. அதற்குப் பின் அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகை தொங்கியது. தேசிய நெடுஞ்சாலையும் லாரிகளும் தீப்பெட்டி ஆபீஸ்களும் உள்ள கோவில்பட்டி போன்ற பகுதிகளில் அந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சாத்திய கதவு. ரத்தம் எடுக்கும் முன் ஒருமுறை பேச்சு, முடிவு வந்தபின் ஒருமுறை பேச்சு. சம்மதமில்லாமல் பரிசோதனை கிடையாது. சொன்னது வெளியே போகாது.

‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்று அந்த நாற்காலியில் இருப்பவர் கேட்கக் கூடாது என்பது பயிற்சியின் பாலபாடம். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942-இல் எழுதிய நூலில் வற்புறுத்தியதும் இதைத்தான்: தீர்ப்புச் சொல்லாதே, வழியை அவரே கண்டுபிடிக்கத் துணை நில். ‘வீட்டில் முதலில் யாரிடம் சொல்ல முடியும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று ஒரு லாரி ஓட்டுநரிடம் கேட்பது, அதுவரை நம் ஆஸ்பத்திரிகள் அறியாத தொனி. முன்பின் தெரியாத ஒருவர் தன் பேச்சைக் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பலர் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். இந்த மாபெரும் வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். அவர்களுக்கு உரிய இடத்தை மருத்துவ வரலாறு இன்னும் கொடுக்கவில்லை.

மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழ்நாட்டின் பங்குக்குத் திருச்சி தேர்வானது. பிறகே மற்ற மாவட்டங்களுக்கு மெல்ல விரிந்தது. பருத்திக்காட்டின் இன்னொரு துயரமும் அதன் கணக்கில் சேர வேண்டியது. பூச்சிமருந்து வீட்டுக்குள்ளேயே இருப்பதால், ஒரு நொடிக் கோபம் உயிரைக் கொண்டுபோகிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் நிறுவிய ‘சினேகா’, தற்கொலை எண்ணத்தோடு வருவோரின் பேச்சைக் கேட்பதற்கென்றே ஏற்பட்ட அமைப்பு. காட்டுமன்னார்கோவில் பகுதியில் அவரது குழு ஒரு சோதனை செய்தது. ஊருக்குப் பொதுவான ஓர் அறையில் பூட்டுப் பெட்டிகளை வைத்து, விவசாயிகள் தங்கள் பூச்சிமருந்தை அங்கேயே பூட்டி வைக்கும்படி ஏற்பாடு. அந்த அறைக்கு நடந்துபோய் வரும் நேரத்தில் ஆத்திரம் தணியும். யாராவது எதிர்ப்படுவார்கள், ‘எங்கே போறீக’ என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். 2013-இல் வெளியான அதன் முடிவுகள் நம்பிக்கை தந்தன. மருந்து தெளிக்காத பருத்தியே இல்லை என்றாகிவிட்ட கரிசல் ஊர்களிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

2013 டிசம்பரில் 104 என்ற மருத்துவ உதவி எண் வந்தது. 2022 அக்டோபரில் மனநலத்துக்கென்றே 14416 என்ற இலவச எண் வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். பள்ளித் தேர்வு முடிவு வரும் நாட்களில் மாணவர்களிடம் பேசவே ஆலோசகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். போனில் முகம் தெரியாது என்பதே பல பெண்களுக்குத் துணிச்சல் தருகிறது. ஆனால் சிறிய வீட்டில் ஒரே போனைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்தில், அந்தப் பேச்சுக்கும் ஒரு தனி மூலை வேண்டும்.

மாவட்ட மனநலக் குழுவில் ஒரு மனநல மருத்துவர், ஓர் உளவியலாளர், ஒரு சமூகப் பணியாளர், ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்பது விதி. குறிப்பிட்ட நாட்களில் அவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கு வருவார்கள். வரிசை நீளம், மருத்துவரிடம் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். மிச்சப் பேச்சு சமூகப் பணியாளரின் மேசையில் நடக்கிறது. மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள், ராத்திரி பக்கத்தில் யார் படுக்கிறார்கள், தீப்பெட்டி ஆபீஸுக்கு மறுபடி கட்டை அடுக்கப் போக முடியுமா, குழுக்கடன் எத்தனை தவணை பாக்கி, அடுத்த முறை வரப் பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று அந்த மேசையில் கேட்கிறார்கள். கூட வந்த அம்மாவிடம், ‘நீங்க தூங்குறீங்களாம்மா?’ என்ற கேள்வியும் உண்டு.