கைலாசவடிவு சிவன்

சிவன், கைலாசவடிவு (பி. 14 ஏப்ரல் 1957): ராக்கெட் பொறியாளர், இஸ்ரோவின் முன்னாள் தலைவர். நிலவில் மெதுவாகத் தரையிறங்க இந்தியா செய்த முதல் முயற்சி இவர் தலைமையில் நடந்தது. நாகர்கோவில் அருகே மேலச்சரக்கல்விளையில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்து, பின்னர் நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதம் பயின்றார். வயல் வேலையில் தமக்கு உதவ வசதியாக இருக்கும் என்றே தந்தை பக்கத்துக் கல்லூரியைத் தேர்ந்ததாகப் பின்னாளில் சொன்னார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியலும் (1980), பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலையும் (1982) முடித்து, அதே ஆண்டில் இஸ்ரோவில் சேர்ந்தார்.

பி.எஸ்.எல்.வி. ராக்கெட் திட்டத்தில் இவர் செய்த வேலை, பிற்காலப் பதவிகள் அனைத்தையும்விட முக்கியமானது. பறக்கும் ராக்கெட் மூன்று திசைகளில் நகர்வதோடு மூன்று அச்சுகளிலும் சுழலக்கூடியது. இந்த ஆறையும் சேர்த்துக் கணிக்கும் 'சிதாரா' மென்பொருளை உருவாக்கியவர்களில் இவர் முதன்மையானவர். ஏவும் நாளன்று மேலே வீசும் காற்றை பலூன் விட்டு அளந்து, அதற்கேற்பத் திசைதிருப்பும் கணக்கை ராக்கெட்டில் ஏற்றும் முறையையும் நடைமுறைப்படுத்தினார். பலத்த காற்றில் ராக்கெட்டின் உடல் மீது விழும் சுமை இதனால் குறைந்தது.

ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் 2010இல் இரண்டு முறை தோற்றிருந்தது. 2011இல் சிவன் அத்திட்டத்தின் இயக்குநரானார். 2013 ஆகஸ்ட் 19 அன்று, புறப்பட 74 நிமிடங்கள் இருந்தபோது இரண்டாம் நிலையில் எரிபொருள் கசிந்ததால் ஏவுதல் நிறுத்தப்பட்டது. தொட்டியின் அலுமினியக் கலவையே மாற்றப்பட்டது. 2014 ஜனவரி 5 அன்று உள்நாட்டு கிரையோஜெனிக் எஞ்சினுடன் ராக்கெட் பறந்தது. இஸ்ரோவின் மகேந்திரகிரி நிலையத்தில் சோதிக்கப்பட்ட எஞ்சின் அது.

திரவ உந்துவிசை மையம் (2014), விக்ரம் சாராபாய் மையம் (2015) ஆகியவற்றின் இயக்குநராக இருந்து, 2018 ஜனவரியில் இஸ்ரோ தலைவரானார். சந்திரயான்-2 2019 ஜூலை 22 அன்று ஏவப்பட்டது. செப்டம்பர் 7 அதிகாலை, நிலவின் தரையை நெருங்கிய அதன் தரையிறங்கு கலமான விக்ரமின் தொடர்பு அறுந்தது. எஞ்சின்கள் கணித்ததைவிடக் கூடுதல் விசை தந்ததும் ஒரு காரணம். எனினும் சுற்றுக்கலம் தொடர்ந்து இயங்கியதால் பயணம் பெரும்பாலும் வெற்றியே. 2022 ஜனவரியில் ஓய்வு பெற்றார். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் பத்திரமாகத் தரையிறங்கியது. 2025 முதல் இஸ்ரோ தலைவராக உள்ள வி. நாராயணனும் குமரி மாவட்டத்தவரே.