நிரூபிக்க முடியாட்டி என்ன முடிவு?

ஏ.எல்லில் அளவையியல் எடுத்த ஆக்களுக்கு சோக்கிரதீசை மறக்க ஏலாது. எல்லா மனிதரும் இறப்பவர், சோக்கிரதீஸ் மனிதன், ஆகவே சோக்கிரதீஸ் இறப்பவர். சோதினைக்காகப் பாடமாக்கி, சோதினை முடிய விட்டுவிடுகிற விஷயம். இந்த மாதிரியான வாக்கியங்களைக் கொண்டே கணினியை இயக்கலாம் என்று காட்டியவர்களில் ஒருவர் ரொபர்ட் கோவல்ஸ்கி. பிறகு அவரும் கூட்டாளிகளும் பிரித்தானியாவின் பிரசாவுரிமைச் சட்டத்தையே அப்படி எழுதிப் பார்த்தார்கள். அந்தக் கதையில் கலைப்பீடத்து எங்களுக்கும் வேலை இருக்கிறது.

கோவல்ஸ்கி 1941 இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் பிறந்தவர். கணிதம் படித்து, ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1970 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்களிடையே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. கணினிக்கு உலகத்தைப் பற்றிய அறிவை எப்படிக் கொடுப்பது? அளவையியல் வாக்கியங்களாகக் கொடுக்கலாம் என்றது ஒரு பக்கம். அது சரிவராது, "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று கட்டளைகளாகத்தான் கொடுக்கவேண்டும் என்றது மற்றப் பக்கம். அமெரிக்காவின் எம்.ஐ.ரி. இரண்டாவது பக்கத்தின் கோட்டை.

கோவல்ஸ்கியின் பதில், இரண்டும் ஒன்றுதான் என்பது. ஒரு வாக்கியத்தை எடுப்போம்: "ஒருவர் என் அம்மாவின் அம்மாவாக இருந்தால், அவர் எனக்கு அம்மம்மா." இது ஒரு உண்மை. இதையே பின்னாலிருந்து வாசியுங்கள். அம்மம்மா யார் என்று கண்டுபிடிக்க வேணுமா? முதலில் அம்மாவைத் தேடு, பிறகு அவருடைய அம்மாவைத் தேடு. இப்போது அது ஒரு கட்டளை. உண்மையை எழுதினாலே போதும், அதை வைத்துத் தேடுகிற வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

1971 இலும் 1972 இலும் அவர் பிரான்சின் மார்செய் நகருக்குப் போய் அலன் கொல்மரோவருடன் வேலை செய்தார். கொல்மரோவருக்கு பிரெஞ்சு மொழியில் கணினியோடு கதைக்கவேண்டும் என்ற ஆசை. இரண்டு பேரின் தேடலும் சந்தித்த இடத்தில், 1972 இல் கொல்மரோவரும் பிலிப் ரூசலும் 'புரோலொக்' என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். 1975 இல் கோவல்ஸ்கி லண்டன் இம்பீரியல் கல்லூரிக்கு வந்தார். 1982 இல் யப்பான் தன் 'ஐந்தாம் தலைமுறைக் கணினி'த் திட்டத்தை இந்த அளவையியல் வழியில்தான் தொடங்கியது. பத்து வருடத்தில் அது எதிர்பார்த்த இடத்துக்குப் போய்ச்சேரவில்லை. புரோலொக்கின் மவுசும் குறைந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது இம்பீரியலில் நடந்த வேறொரு வேலை. அதற்கு முன் பிரித்தானிய மண்ணில் பிறந்தாலே பெரும்பாலும் பிரசாவுரிமை கிடைத்துவிடும். 1981 இல் நிறைவேறி 1983 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதை மாற்றியது. பிறந்தால் மட்டும் போதாது, பிறக்கும்போது தாயோ தகப்பனோ பிரித்தானியப் பிரசையாக அல்லது அங்கே நிலையாகக் குடியமர்ந்தவராக இருக்கவேண்டும். மாரெக் செர்கொட், ஃபரிபா சத்ரி, கோவல்ஸ்கி உட்பட ஆறு பேர் இந்தச் சட்டத்தை விதி விதியாக அளவையியல் நிரலாக மாற்றி, 1986 இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். "இன்னார் பிரசையா?" என்று கேட்டால் கணினி விதிகளைப் பின்தொடர்ந்து பதில் சொல்லும். ஏன் அந்தப் பதில் என்றும் சொல்லும்.

இங்கேதான் ஒரு சிக்கல். புரோலொக் மாதிரி மொழிகளில் ஒரு பழக்கம் உண்டு: ஒரு விஷயத்தை நிரூபிக்க முடியாவிட்டால், அது பொய் என்று எடுத்துக்கொள்வது. நாங்களும் அப்படித்தான். பஸ் நேர அட்டவணையில் மூன்று மணி பஸ் இல்லையென்றால், மூன்று மணிக்கு பஸ் இல்லை என்று முடிவு கட்டுகிறோம். ஆனால் அட்டவணை முழுமையாக இருந்தால்தான் அது சரி.

அந்தச் சட்டத்திலேயே இதைத் தொடுகிற ஒரு பிரிவு இருக்கிறது. பிரித்தானியாவில் யாரோ கைவிட்டுப்போன பச்சைக்குழந்தை கண்டெடுக்கப்பட்டால் என்ன செய்வது? தாய் தகப்பன் யாரென்றே தெரியாது, எதையும் நிரூபிக்க முடியாது. சட்டம் சொல்கிறது: மாறாக நிரூபிக்கப்படாதவரை, அது பிரசாவுரிமைக்குத் தகுதியான பெற்றோருக்கு அங்கேயே பிறந்த குழந்தையாகக் கருதப்படும். அதாவது ஆதாரம் இல்லாத இடத்தில் முடிவு குழந்தையின் பக்கம் சாய்கிறது. நிரூபிக்கும் பாரம் மற்றப் பக்கத்துக்குப் போகிறது.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் அதே நாட்டில்தான். கரீபியன் தீவுகளிலிருந்து 1973 க்கு முன்னர் பிரித்தானியா போய்க் குடியேறிய கனபேருக்கு அங்கே வாழச் சட்டப்படி உரிமை இருந்தது. ஆனால் அதற்கான பத்திரம் எதுவும் அரசு கொடுக்கவில்லை. பழைய வருகை அட்டைகளையும் உள்துறை அமைச்சு 2010 இல் அழித்துவிட்டது. 2012 க்குப் பிறகு சட்டங்கள் இறுகின. வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் ஆதாரம் கேட்டார்கள். இல்லாதவர்கள் வேலையை, வீட்டை இழந்தார்கள். குறைந்தது 83 பேர் பிழையாக நாட்டை விட்டு அனுப்பப்பட்டார்கள். 2018 இல் 'விண்ட்ரஷ்' விவகாரமாக இது வெடித்து, உள்துறை அமைச்சர் அம்பர் ரட் பதவி விலகினார்.

கோவல்ஸ்கியின் நிரலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அலுவலகத்தில் இருந்த மனிதர்களே "நிரூபிக்கவில்லை, ஆகவே இல்லை" என்ற விதியில் ஓடினார்கள், அட்டவணையைத் தாங்களே கிழித்துப்போட்ட பிறகும்.

சட்டத்தை விதியாக எழுத முடியாது என்று பிலிப் லீத் போன்றவர்கள் அப்போதே கடுமையாக விமர்சித்தார்கள். "குடியமர்ந்தவர்" என்ற ஒரு சொல்லுக்கே எத்தனை விளக்கம் சொல்லலாம்! அது நியாயமான கேள்வி. ஆனால் விதியாக எழுதிப் பார்த்ததால் ஒரு நன்மை இருக்கிறது. ஆதாரம் இல்லாத இடத்தில் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதை அங்கே ஒளிக்க ஏலாது. அந்த வரியைக் கைகாட்டி, இதை மாற்று என்று கேட்கலாம்.

கோவல்ஸ்கி ஓய்வுபெற்ற பிறகும், நிரலாக்கம் தெரியாத ஒருவரும் வாசிக்கக்கூடிய ஆங்கில வாக்கியங்களில் சட்டங்களைக் கணினிக்கு எழுதும் முயற்சியில் ஈடுபட்டார். இன்றைக்கு எங்கள் விண்ணப்பங்களைப் பார்க்கிற கணினிகள் பலவற்றிடம் "ஏன்?" என்று கேட்டால் பதில் வராது. அடுத்த முறை ஏதாவது ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், எந்த விதியால் என்று கேளுங்கள். அதோடு, பத்திரம் இல்லாததை யாருடைய பிழையாக அந்த விதி எடுத்துக்கொள்கிறது என்றும் கேளுங்கள்.