ஐராவதியில் நீராவிப் பீரங்கிப் படகுகள்

ஆசியாவில் போர்முனைக்குச் சென்ற நீராவிக் கப்பல்களில் முன்னோடி டயானா. கல்கத்தாவின் கிதர்பூரில் கட்டப்பட்டு 1823இல் நீரில் இறக்கப்பட்டது. மறு ஆண்டு பர்மியப் போர் மூண்டதும் கிழக்கிந்தியக் கம்பெனி அதை வாங்கிப் பீரங்கிகள் ஏற்றி ரங்கூனுக்கு அனுப்பியது. பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரெடெரிக் மரியாட்தான் இதற்காக வற்புறுத்தியவர்.

பர்மாவின் ஐராவதி ஆற்றுப்போரில் பாய்மரக் கப்பல் காற்றுக்காகக் காத்துக் கிடக்கும். பர்மியரின் நீண்ட போர்ப் படகுகளோ வரிசை வரிசையாகத் துடுப்பு வலிப்போரின் வேகத்தில் எதிர்நீரிலும் பாயும். டயானா வந்ததும் நிலைமை தலைகீழானது. இருபுறமும் சக்கரம் சுழல, அது அந்தப் படகுகளை விடாமல் துரத்தியது. கை ஓய்ந்த துடுப்புக்காரர்கள் பிடிபட்டார்கள். எந்திரத்துக்குக் களைப்பில்லை. பாய்மரக் கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றதும் டயானாதான்.

ரங்கூனில் இறங்கிய படையில் பெரும்பங்கு மதராஸ் சிப்பாய்கள். வங்கப் படையினர் கடல் தாண்டத் தயங்கியதால் சுமை இவர்கள் மேல் விழுந்தது. 1826 பிப்ரவரி 24இல் போரை முடித்த யாந்தபோ உடன்படிக்கை கையெழுத்தாவதற்குள், பிரிட்டிஷ் தரப்பில் போரிட்ட சுமார் 40,000 பேரில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். டயானாவின் புகழைச் சொல்லும்போது இந்தச் சாவுகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்து வந்தது இரும்புக் கப்பல். பர்க்கன்ஹெட்டில் கட்டப்பட்ட கம்பெனியின் நெமிசிஸ் 1840 அக்டோபரில் இலங்கையின் காலித் துறைமுகத்தைத் தொட்டுச் சீனா சென்றது. ஆழமற்ற ஆற்றிலும் நுழையும் தட்டையான அடிப்பாகமே அதன் பலம். 1841 ஜனவரியில் சீனாவின் சுவென்பி கோட்டைத் தாக்குதலில் மதராஸ் 37ஆம் காலாட்படையும் அதனுடன் இருந்தது. கிரிமியப் போரின்போது இதே தேவைக்காகப் பிரிட்டிஷ் கடற்படை சிறு பீரங்கிப் படகுகளை நூற்றுக்கு மேல் கட்டிக் குவித்தது.

1852இல் இரண்டாம் பர்மியப் போர். ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் தம்பியான கடற்படைத் தளபதி சார்லஸ் ஆஸ்டின் அவ்வாண்டு அக்டோபரில் ஐராவதியில் புளூட்டோ என்ற நீராவிக் கப்பலிலேயே காலராவால் இறந்தார். போர் முடிவில் பர்மாவின் பெகு பகுதி பிரிட்டிஷாரிடம் பறிபோனது.

1885 நவம்பரில் மூன்றாம் போருக்குத் தலைமை தாங்கியவர் மதராஸில் பிறந்த ஜெனரல் ஹாரி பிரெண்டர்காஸ்ட். நீராவிக் கப்பல் வரிசை ஆற்றில் ஏறி இரண்டே வாரத்தில் மாண்டலேயை அடைந்தது. பர்மிய அரசர் தீபா கப்பலேற்றப்பட்டு மதராஸுக்குக் கொண்டுவரப்பட்டார். 1886 ஏப்ரல் வரை இங்கே காவலில் இருந்து, பின் ரத்னகிரிக்கு அனுப்பப்பட்டு, 1916இல் அங்கேயே காலமானார்.